வெள்ளிமலைக்கு எத்தனை மணிக்குப் பஸ்?

போன வாரம் வெள்ளிமலையில் ஒரு காதுகுத்து. என்னோடு பள்ளியில் படித்த தோழியின் பேத்திக்கு. கச்சிராயபாளையத்திலிருந்து எத்தனை மணிக்குப் பஸ்? பஸ் ஸ்டாண்டில் யாரையாவது கேட்டால் முடிந்தது. ஆனால் நான் எழுத்தில்தான் வாயாடி... முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சே வராது.

அதனால் போனைக் கேட்டேன். அதையும் யார் காதிலும் விழாமல், மெதுவாக — ‘வெள்ளிமலை’.

அது ‘வெள்ளி மாலை’ என்று எழுதிக்கொண்டது!

பஸ்ஸுக்குப் பதிலாக வெள்ளிச் செயின்கள், வெள்ளிக் கொலுசுகள். பார்க்க அழகாக இருந்ததா... ஒரு கொலுசைத் தொட்டேன். உடனே ஒரு பெட்டி எழும்பி வந்து அனுமதி கேட்டது. பெரிய நீலப் பட்டன் — ‘அக்செப்ட்’. அமுக்கினேன். அடுத்த பக்கத்திலும் கேட்டது. அமுக்கினேன். பந்தியில் சாம்பார் வாளி மூன்றாம் முறை வந்தாலும் ‘போதும்’ என்று சொல்ல வராத ஆள் நான். கேட்கிறவர்களிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அவ்வளவுதான். அதிலிருந்து செய்திக்கு நடுவில் கொலுசு. ரசம் வைக்கிற வீடியோவில் கொலுசு.

என் வீட்டுக்காரர் கரும்பு வைத்திருக்கிறார். மழை வருமா என்று பார்க்கக் காலையில் என் போனைத்தான் வாங்குவார்.

“இன்னாது இது? மழ பாக்கலாம்னா ஒரே கொலுசா வந்துக்கினு இருக்குது?”

எனக்குத் திக்கென்றது. நிலத்தில் மோட்டார் போட்டபோது என் கொலுசைக் கழற்றிக் கொடுத்தேன். இன்னொரு ஜோடி வேண்டும் என்ற ஆசையை இத்தனை வருஷமாக வாய் திறந்து சொன்னதில்லை. மனசுக்குள் பூட்டி வைத்ததை இந்தப் போன் திரையில் போட்டுக் காட்டுகிறதே!

“அது... தானா வருதுங்க.”

அவர் என் காலைப் பார்த்தார். போனை என் கையில் திணித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபமோ?

பக்கத்து வீட்டு வசந்தா இ-சேவை மையத்தில் வேலை செய்கிறாள். மதியம் அவளிடம் போனை நீட்டினேன்.

“தானா எங்கக்கா வருது? நீ அமுக்கிக்கினே இருந்தா, அவன் பின்னாலயே வந்துக்கினுதான் இருப்பான். நீ இன்னா பாக்கற, எத்தினி நேரம் பாக்கற, அல்லாத்தையும் குறிச்சி வெச்சுக்குவான்.”

“கேக்கறானே வசந்தா. மாட்டேன்னா சொல்றது?”

“ஐயோ அக்கா, இவன் இன்னா சம்பந்தியா மூஞ்சி கோணிக்க? வாணாம்னு அமுக்கு!”

நம்மைக் கேட்காமல் நம் விவரங்களை எடுக்கக் கூடாது, கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றெல்லாம் நம் நாட்டிலும் சட்டம் வந்திருக்கிறதாம். சட்டம் சரி... ஆனால் ‘அக்செப்ட்’ பூசணிக்காய் அளவு, ‘ரிஜெக்ட்’ கடுகு அளவு! என்னைப் போன்ற கூச்சக்காரர்களைப் பற்றி யாரோ நன்றாகத் தெரிந்து வைத்துத்தானே இப்படிச் செய்திருக்கிறார்கள்?

அன்று மதியம் முழுக்கக் கடுகைத் தேடித் தேடி அமுக்கினேன். வேண்டாம்... வேண்டாம்... வேண்டாம். அடடா, என்ன சுகம்! ஆயுசு முழுக்க நான் சொல்லாமல் விட்ட வேண்டாம்களையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லித் தீர்த்தேன்.

நாலு மணிக்கு வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தார். கையில் ஒரு சிவப்பு டப்பா. திறந்தால்... கொலுசு!

உண்மையைச் சொல்லாவிட்டால் மனசு கேட்காது.

“நான் கொலுசு தேடலீங்க. வெள்ளிமலைக்குப் பஸ்ஸுதான் தேடினேன்.”

அவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

“பஸ்ஸு தேடினதுக்கா நான் கொலுசு வாங்கியாந்தேன்? அப்ப இது வாணாமா? திருப்பிக் குடுத்துடட்டா?”

மதியம் முழுக்க வேண்டாம் சொல்லிப் பழகிய கை, டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“வேணுங்க. ரொம்ப நாளா வேணும்.”

“அத என்னாண்ட சொல்றதுக்கு இன்னா? போனு வந்துதான் சொல்லணுமா?”

காதுகுத்துக்கு இருவருமாகப் போனோம். பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் நானே கேட்டேன் — சத்தமாக! மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாய, என் கால் ‘சல்’ என்றது. அவர் காதோரம் குனிந்தார்.

“வெள்ளிமலையோட நிறுத்திக்க. தங்கமலைன்னு எதனா தேடினே... கரும்பு தாங்காது!”

தேட மாட்டேன். இனிமேல் நேராகவே கேட்டுவிடுவேன்.