பாம்புக் கூந்தல்காரியை இரண்டாம் முறை பார்த்தது

முதல் படத்தை நாங்கள் பார்த்தது பல்லடத்தில், கல்யாணமான புதிதில். இங்கிலீஷ் படம். தறிக்குடோனுக்கு லீவு விட்ட அன்று ஊரில் வேறு படம் ஓடவில்லை, அதனால் போனோம். கொட்டகையில் ஒருவருக்கும் பேச்சு புரியவில்லை. முடிக்குப் பதிலாகத் தலையில் பாம்புகள் நெளியும் ஒருத்தி, அவள் கண்ணைப் பார்த்தவர்கள் எல்லாம் கல்லாகிப் போகிறார்கள். ஒரு வாலிபன் கேடயத்தில் தெரியும் அவள் நிழலை மட்டும் பார்த்தபடி அவள் தலையை வெட்டுகிறான். அந்தத் தலையைக் காட்டிக் கடல் பூதத்தையும் கல்லாக்குகிறான். இவ்வளவுதான் தெரிந்தது. மற்றதை எல்லாம் நானும் என் மனைவியும் ஒருவருக்கொருவர் இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டோம்.

சத்தம் போட்டு அல்ல. நான் தறி ஓட்டினேன், அவள் அதே குடோனில் தறிக்கு நூல் தார் சுற்றினாள். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் வாயை மட்டும் அசைத்துப் பேசுவோம், கையும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சே வராது. குடோனுக்குள் மட்டும் நிறுத்த மாட்டேன். “வெளிய வந்தா வாயில பூட்டு, உள்ள போனா மூடறதே இல்லீங்க” என்று அவள் கேலி செய்வாள்.

இப்போது அவளுக்குக் காது கேட்பதில்லை. இத்தனை வருடத் தறிச் சத்தம்தான் காரணம் என்றார் டாக்டர். மகள் ஒரு காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். அதைக் காதில் வைத்தால் குடோனுக்குள்ளேயே நிற்கிற மாதிரி இருக்கிறது என்று இவள் கழற்றி வைத்துவிட்டாள். முகம் பார்த்துப் பேசினால் அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு காதுகுத்து விருந்தில் அது தெரிந்ததே வினையாகிவிட்டது. பந்தியின் அந்தக் கோடியில் சொந்தக்காரர்கள் இரண்டு பேர், “செவிடு, கூப்பிட்டாத் திரும்பாது” என்று குசுகுசுத்ததை இந்தக் கோடியிலிருந்து படித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு விசேஷத்துக்கும் வருவதில்லை. கடைக்குக்கூட நான்தான் போனேன்.

அப்போதுதான் கோயமுத்தூரில் இருக்கும் மகள் போன் செய்தாள். நாங்கள் அன்று பார்த்த அந்தக் கிரேக்க நாட்டுப் புராணக் கதையைப் புதிதாக எடுத்திருக்கிறார்களாம். “தமிழ்லயே பேசறாங்கப்பா. வாயப் பாத்தே அம்மா புரிஞ்சுக்குவாங்க” என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மகளுக்கு வேலை இருந்ததால் டிக்கெட்டை மட்டும் என் போனுக்கு அனுப்பினாள்.

இவளைச் சம்மதிக்க வைக்கப் பெரும் பாடு. கடைசியில், “இது ஒண்ணுக்கு வாரேன். இதோட என்னைய எங்கியும் கூப்புடக் கூடாதுங்க” என்றாள். கோவிலுக்கும் வரமாட்டாயா என்று கேட்க நினைத்தேன். சரி என்று மட்டும் சொன்னேன்.

கோயமுத்தூர் தியேட்டரில், 3டி படம் என்று ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். பழைய படத்தில் றெக்கை வைத்த குதிரை, புதிதாக சைக்கிள் பழகுகிறவன் மிதிப்பதுபோல ஆகாயத்தை மிதித்துக்கொண்டு போகும். இதில் அது எங்கள் காதை உரசிக்கொண்டு பறந்தது. அவள் குனிந்துகொண்டு சிரித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். நல்ல தமிழ். கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைத் தொட்டாள். “இவுங்க வாயி வேற என்னமோ பேசுதுங்க” என்று உதட்டை அசைத்தாள்.

பார்த்தேன். குரல்தான் தமிழ். வாய் இங்கிலீஷ்தான் பேசியது. எனக்கோ மகளுக்கோ இது தோன்றவே இல்லை. பல்லடத்தில் கொட்டகை முழுக்கப் புரியாமல் உட்கார்ந்திருந்தது, அதில் நாங்களும் இரண்டு பேர். இங்கே ஏதோ ஒரு பேச்சுக்கு எல்லோரும் சிரிக்க, அவள் மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“போலாங்க” என்றாள் உதட்டால்.

நான் என் கண்ணாடியைக் கழற்றினேன். திரையில் எல்லாம் இரண்டு இரண்டாகக் கலங்கித் தெரிந்தது. அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, திரையில் பேசுவதை எல்லாம் வாயசைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்து சீட்டுத் தம்பி என்னையே பார்த்தான். முதலில் வாயை மறைத்துக்கொள்ளத்தான் கை போனது. மறைத்தால் அவளுக்குத் தெரியாதே. எடுத்துவிட்டேன்.

“அவன் அத்தன நேரம் பேசுனான், நீங்க ஒரு வார்த்தையில முடிச்சுப்போட்டீங்க” என்று குற்றம் சொன்னாள். அதன் பிறகு கொஞ்சம் நானாகவும் சேர்த்துச் சொன்னேன்.

பாம்புக் கூந்தல்காரி வந்தபோது இரண்டு பேரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டோம். பழையவள் இழுத்து இழுத்து, நின்று நின்று வருவாள். பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடித்தது என்று பிற்பாடு மகள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பாம்புக்காரி எப்போது திரும்புவாளோ என்று காத்திருப்பதிலேயே பயம் பிடித்துக்கொள்ளும். புதியவள் சாட்டை மாதிரி சுழன்றாள். முகம் மட்டும் நல்ல லட்சணம்.

“ஏனுங்க, இவளப் பாத்தா பாவமா இருக்குதுங்க” என்றாள், இந்தத் தடவை குரலெடுத்து. தன் சத்தம் அவளுக்குத் தெரியாது. தியேட்டர் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சூடானது. ஆனாலும் அவளைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினேன்.

சிங்காநல்லூரில் ஊருக்குப் பஸ் ஏறியதிலிருந்து வாக்குவாதம். அவளுக்குப் பழைய படம்தான் உசத்தி. எனக்குப் புதுசில் கடல் பூதம் எழுந்து வந்தது பிடித்திருந்தது. நான் வாயை மட்டும் அசைத்ததால் பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அவள் பக்கம் மட்டும்தான் கேட்டது.

“பொம்மைன்னா என்னங்க? ஒரு மனுசன் உக்காந்து ஒவ்வொரு பாம்பா நகத்தியிருக்கானே.”

“இது பெருசா இருந்தாப் போதுமா? பயமே வல்லியே.”

முன்சீட்டில் பூக்கூடையோடு இருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. திரும்பி, “ஏனுங்கக்கா, அந்தப் பாம்புக்காரி அப்படி என்ன தப்புப் பண்ணுனா?” என்றாள்.

கேள்வியை இவளுக்கு வாயசைத்துச் சொல்ல நான் திரும்பினேன். இவள் என் முழங்காலில் கை வைத்து நிறுத்தினாள்.

“அவ ஒண்ணும் பண்ணலீங்க அம்மணி. சாமி கோவிச்சுக்கிட்டு அப்படி ஆக்கிப்போட்டாங்க” என்றாள். பிறகு, “எனக்குக் காது கேக்காது. நல்லாத் திரும்பி என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க, மொதல்ல இருந்து சொல்றேன்” என்றாள்.

அந்தப் பெண் கூடையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். அவள் எங்கள் சீட்டில் வந்து உட்கார, நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டேன்.