பல்பு வெளிச்சத்தில் எடுத்த சேலை

எழுபதுகளின் கடைசியில் என் அண்ணன் இறந்துபோனார். எங்கள் கத்தோலிக்கக் குடும்பத்தில் புருஷன் போனால் ஒரு வருஷம் கருப்புதான் கட்ட வேண்டும். முப்பதாம் நாள் பூசைவரை வாசல்படி தாண்டக் கூடாது. அதனால் அந்தப் பூசைக்கு அண்ணி கட்டக் கருப்புச் சேலை எடுக்க நான் போனேன். துணி எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பு வேறு எனக்கு.

காரைக்கால் கடைக்குள் நுழையும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. கரண்டு குறைவாக வந்ததில் மஞ்சள் பல்பு அழுதுகொண்டிருந்தது.

"கருப்பும் கருநீலமும் பல்புல ஒண்ணாத்தாம்மா தெரியும். காலையில வந்து வெயில்ல பாத்து எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர்.

இன்னொரு தடவை அலைய எனக்குப் பொறுமையில்லை. "கருப்பு எதுன்னு எனக்குத் தெரியாதா? மடிச்சுக் குடுங்க" என்றேன்.

பூசை விடியற்காலையில். வீட்டு பல்பின் கீழ் அண்ணி கட்டிக்கொண்டபோதும் சேலை கருப்பாகத்தான் இருந்தது. இருட்டோடு கிளம்பிப் போனோம். கோயிலுக்குள்ளும் கருப்புதான். பூசை முடிந்து வெளியே வந்தால் வெயில் நேராக முகத்தில் அடித்தது. சேலை நீலமாக இருந்தது. பக்கத்தில் எங்கள் பெரியம்மாவின் அசல் கருப்பு வேறு நின்று காட்டிக்கொடுத்தது.

"முப்பதே நாள்ல கலர் கேக்குதோ?" என்றார் பெரியம்மா, அத்தனை பேர் முன்னாலும்.

அண்ணி குனிந்து கொசுவத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான்தான் எடுத்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? என் வாயில் வந்தது வேறு. "வேற கட்டியிருக்கலாமே அண்ணி" என்றேன். இன்று நினைத்தாலும் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அந்தப் பேச்சு அண்ணியோடு ஒட்டிக்கொண்டது. உறவுக்காரர்கள் வாய்க்கு வாய் அதையே மென்றார்கள். அடுத்த வாரமே அவர் நெரவிக்குத் தாய்வீடு போய்விட்டார். நான் எடுத்த சேலை என்று அப்போதும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

வருஷம் முடிந்ததும் துக்கம் கழிக்கப் புகுந்த வீட்டிலிருந்து கலர்ச் சேலை கொடுப்போம். இந்தத் தடவை பட்டப்பகலில், கடை வாசலில் விரித்துப் பார்த்து, அரக்கு நிறத்தில் ஒன்று எடுத்துக்கொண்டு நெரவிக்குப் போனேன். அண்ணி காபி கொடுத்தார். சேலையைத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்.

"இதை யாரு எடுத்தாங்கன்னு கேட்டா, நாலு பேரு முன்னாடி சொல்லுவியாம்மா?"

"சொல்லுவேன் அண்ணி."

"அன்னிக்குச் சொல்லலையே" என்று சேலையை மடித்து என் பையிலேயே திருப்பி வைத்தார்.