குளியலறைக்குள் ஒளிந்த மேஸ்திரி

ஆயுளில் பாதியைத் தறிக்கூடத்தில் கழித்தவர் மேஸ்திரி. தறிகள் ஒருசேர ஓடும் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினால்தான் ஓர் ஆளைக் கூப்பிட முடியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஆறாவது மாடிக் குடியிருப்புக்கு வந்த பிறகும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. காது மட்டும் முந்திக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டது. அவர் தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டார் தம்ளரோடு வந்து நிற்பார்கள் என்று மனைவி கேலி செய்வாள்.

அந்த மனைவி, பிள்ளை பெற்ற மகளுக்குத் துணையாக வெளியூர் சென்றிருந்தாள். உயிருக்கு உயிராக வளர்த்த உருண்டை என்னும் நாயை அவரிடம் ஒப்படைத்திருந்தாள். உருண்டைக்குப் பின்னங்கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது. கட்டுப் பிரிக்கும்வரை தெருவில் இறக்கக் கூடாது, கூடத்து மூலையில் விரித்த, ஈரம் உறிஞ்சும் பேடிலேயே சிறுநீர் கழிக்கப் பழக்க வேண்டும் என்று கால்நடை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மனைவி புறப்பட்டுச் சென்ற அன்றே நாய் பேடை விட்டுவிட்டுச் சோபாவின் ஓரத்தை நனைத்தது.

"ஏய்!"

ஒரே ஒரு சொல்தான். ஆனால் தறிக்கூடத்துச் சொல். நாய் பாதியில் அடக்கிக்கொண்டு, கட்டுக்காலை இழுத்தபடி மேசைக்கு அடியில் புகுந்தது. அதன் பிறகு ஒரு சொட்டும் விடவில்லை.

மறுநாள் அதைத் தூக்கிப் பேடில் நிறுத்தி, அருகிலேயே காவல் நின்றார். காதுகளை ஒடுக்கிக்கொண்டு அது நடுங்கியது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கல்லாக இறுகிக் கிடந்தது. அவருக்குக் கைகால் ஓடவில்லை.

டாக்டரம்மா தொலைபேசியில் சொன்னது கிலியை இன்னும் கூட்டியது. "சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா உடனே தூக்கிட்டு வந்துடுங்க சார். ரொம்ப அடக்கினா உசுருக்கே ஆபத்து."

மகளை அழைத்தார்.

"பக்கத்துலயே நிக்கிறேம்மா. அசைய மாட்டேங்குது."

"நீங்க பக்கத்துல நின்னா யாருக்குப்பா வரும்? அதட்டினீங்களா?"

"ஒரே ஒரு தடவைதான். சோபாவ நனைச்சுடுச்சு."

"போதுமே! சோபாகிட்ட போனது தப்புன்னு அதுக்கு என்ன தெரியும்? உங்க கண்ணு முன்னாடி போறதே தப்புன்னு நெனச்சிருக்கும். எங்கேயாவது போய் ஒளிஞ்சுக்கோங்க. நாங்களும் நீங்க ஷிஃப்டுக்குப் போனப்புறம்தானே வாயையே தொறப்போம்!" என்று சிரித்தாள். "அம்மாவைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்!"

கவிழ்த்த வாளியின்மேல், குளியலறைக்குள் அமர்ந்தார். கதவைச் சாத்தியதும் பயம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. வெளியில் நடப்பது எதுவும் அவருடைய காதுக்குக் கேட்காது. அது பேடில் ஏறியதா, மேசைக்கடியில் சுருண்டு மூச்சையே விட்டுவிட்டதா? மனைவி வந்து கேட்டால் எந்த வாயால் பதில் சொல்வது?

பொறுக்க மாட்டாமல் கதவை ஒரு விரல் அகலம் திறந்தார். நாய் பேடை மோந்துகொண்டிருந்தது. அவருடைய கண்ணைக் கண்டதும் விருட்டென்று மேசைக்கடியில் ஒடுங்கியது. பாழாய்ப்போன கண்! தலையில் அடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். இம்முறை கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். இல்லாவிட்டால் அவை தாழ்ப்பாளைத் தேடிப் போய்விடும் போலிருந்தது.

சன்னல் வெளிச்சம் மஞ்சளாக மாறியபோது, இனியும் தாமதித்தால் மருத்துவமனையை மூடிவிடுவார்கள் என்ற அச்சத்தில், நாயைத் தூக்கிச் செல்ல எடுத்துவைத்திருந்த துணிப்பையும் கையுமாக வெளியே வந்தார்.

பேடின் நடுவில் பெரிய ஈரவட்டம் பரவியிருந்தது.

சந்தோஷக் கூச்சல் தொண்டைவரை வந்துவிட்டது. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மேசைக்கடியிலிருந்து இரண்டு கண்கள், அடுத்த சத்தத்துக்குக் காத்திருப்பவைபோல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. மெல்லக் குனிந்து, பேடின் ஓரத்தில் ஒரு பிஸ்கட்டை வைத்தார். உருண்டை நகரவில்லை, அதன் உடல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி ஓசைப்படாமல் பின்வாங்கி, அது நிம்மதியாகத் தின்னட்டும் என்று, மறுபடியும் குளியலறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார்.