நாங்கள் திருப்பி அனுப்பிய வேங்கை மரம்

மேல்நிலை வகுப்பில் கட்டடத் தொழில் பிரிவை எடுத்துப் படித்த பெண்கள் நாங்கள் இரண்டே பேர். நானும் என் தோழியும் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் திருவண்ணாமலைக்கு வருவோம். இரண்டாம் ஆண்டில் பள்ளிக்குப் புதிதாக இரண்டு அறைகள் கட்டினார்கள். கதவு நிலைகளை எங்கள் வகுப்பே செய்யட்டும் என்றார் தலைமையாசிரியர். மரம் கொண்டுவரும் பொறுப்பு கான்டிராக்டருடையது.

வேங்கை மரம் வந்து இறங்கிய அன்று எங்கள் ஆசிரியர் விடுப்பில் இருந்தார். நான் இழைப்புளியை எடுத்து ஒரு கட்டையில் ஓட்டிப் பார்த்தேன். சீவல் சுருண்டு விழவில்லை. நார் நாராகப் பிய்ந்து இழைப்புளியின் வாயை அடைத்துக்கொண்டது. கட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்றிருந்தது.

"இது இன்னும் காயலைங்க" என்றேன்.

கான்டிராக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா நீ? எத்தினி வருசமா மரம் பாக்கறேன், எனக்கே சொல்றியா?"

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார். "ஒரு துண்ட அறுத்து, காயவெச்சு நிறுத்துக் காட்டறோம் சார்" என்றேன்.

கான்டிராக்டர் கட்டையின் முனையில் ஒரு துண்டு அறுத்து நீட்டினார். அதிகம் பேசாத என் தோழி அதை வாங்கவில்லை. "முனை சீக்கிரம் காஞ்சிடும்ங்க. ஒரு முழம் உள்ள தள்ளி அறுக்கணும்" என்றவள், ரம்பத்தை வாங்கித் தானே அறுத்தாள்.

வேதியியல் கூடத்துத் தராசில் அந்தத் துண்டு நாற்பது கிராம் இருந்தது. அதைச் சிறு சில்லுகளாக்கி, மணல் பரப்பிய தட்டில் வைத்து, கருகாமல் மெல்லச் சூடாக்கினோம். அரை மணிக்கு ஒருமுறை ஆறவைத்து நிறுத்தோம். மதியச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே போகவில்லை. எடை குறைந்துகொண்டே வந்து, மாலையில் முப்பதில் நின்றது. அதன்பிறகு இரண்டு முறை நிறுத்தும் மாறவில்லை.

"மீதி பத்து கிராம்?" என்றார் தலைமையாசிரியர்.

"தண்ணி சார். இதுல நிலை செஞ்சா சுருங்கி முறுக்கிக்கும். கதவு மூடாது."

அவர் கான்டிராக்டரைத் திரும்பிப் பார்த்தார். கான்டிராக்டர் தோள்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "மரவாடியில காஞ்ச மரம்னுதான் சார் குடுத்தாங்க" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். மரம் மறுநாளே திரும்பிப் போனது.

அடுத்த வாரம் கான்டிராக்டரே வேறொரு மரவாடிக்கு எங்களையும் எங்கள் ஆசிரியரையும் அழைத்துப் போனார். அதன் முதலாளி பாய்க்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. "ரெண்டு பொண்ணுங்க ஒரு லோடையே திருப்பிட்டீங்களாமே!" என்று சிரித்தவர், பின்கொட்டகையைத் திறந்துவிட்டார். காற்றுப் போவதற்காக இடையிடையே மெல்லிய ரீப்பர் சட்டம் கொடுத்து மரங்களை அடுக்கியிருந்தார். "எது வேணுமோ நீங்களே எடுங்கம்மா. எது எடுத்தாலும் ஒரே வெலதான், ஜாஸ்தி கம்மி பேச்சே வேணாம்" என்றார்.

நிலைகளைச் செய்து முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஒரு மூட்டில் மட்டும் மயிரிழை இடைவெளி விழுந்துவிட்டது, அது நான் உளி போட்டது. மற்றவை கச்சிதம். ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை பிடித்த இரண்டு குறுக்களவும் நூல் பிசகாமல் ஒத்திருந்தன.

நிலை நிறுத்திய அன்று அப்பா மார்க்கெட்டில் கடலை மூட்டை போட்டுவிட்டு நேராகப் பள்ளிக்கு வந்தார். நிலையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். "யார் வேலை இது, இவ்ளோ சுத்தமா கீது?" என்று கொத்தனார் பொதுவாகக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்:

"எம்பொண்ணும் அவ சிநேகிதியும்."