கல்லுக்குச் சாட்சி சொன்ன ஞானப்பிரகாசம் சார்

ஞானப்பிரகாசம் சார் காலமாகிவிட்டார் என்ற செய்தி, அன்னவாசல் கடைவீதியில் நான் டீயை வாயருகே கொண்டுபோன நேரத்தில் வந்தது. யார் சொன்னது என்றேன். வாட்ஸ்அப்பில் வந்ததாகக் கடைக்காரர் சொன்னார். அதை யார் அனுப்பினார், அவருக்கு யார் அனுப்பினார் என்று நான் கிளறக் கிளற, கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சாவுச் செய்தியைக்கூட மூலம் கேட்காமல் நம்பாதபடி என்னைப் பழக்கியவர், செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட அந்த மனிதர்தான். அவருடைய மகள் போனில் அழுத பிறகே நம்பினேன்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்ந்தவர் அவர். அங்கேயே தமிழ் நடத்தி இன்னும் ஓயாதவன் நான். கொடும்பாளூரில் அவர் கல்வெட்டைப் படிக்கக் குனிந்தால், கல்லே கூச்சப்பட்டுத் தன் எழுத்துப்பிழையைத் திருத்திக்கொள்ளும். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். நான் எதையாவது அளந்தால், "மாமா, இது பாத்ததா, கேட்டதா, அவுத்து விட்டதா?" என்பார்.

அவருடைய சொந்த ஊர் கந்தர்வக்கோட்டைப் பக்கம். அந்த ஊர் மாதா கோயில் வாசலுக்கு ஒரு கல் வந்து சேர்ந்தது. கறுத்த கல், அதில் ஒரு சிலுவை, கீழே மிகப் பழைய தமிழ் எழுத்தில் தோமா என்ற பெயர். இயேசுவின் சீடர் தோமையார் நம் முந்திரிக்காட்டு வழியே நடந்துபோனதற்கு அத்தாட்சி என்றார்கள். கல்லுக்கு முன்பே ஃப்ளெக்ஸ் போர்டு பழசாகிவிட்டது. இனி ரோமாபுரியே தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடித்து இங்கே வந்து இறங்க வேண்டியதுதான் என்று நான்கூட மார்தட்டினேன். ஊர் அவரிடம் கேட்டது ஒன்றுதான். ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கில், இது உண்மையான கல் என்று அவர் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை அவருடன் நானும் போனேன். லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். எழுத்தில் ஒரு குற்றமும் இல்லை. அதுதான் அவரைக் கலக்கியது. "புத்தகத்தப் பாத்து எழுத்த யாரும் வெட்டிரலாம் மாமா. இது எந்தக் குழியில கெடந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்ல?" என்றார். கண்மாய் தூர் வாரும்போது வந்தது என்று ஊர் சொன்னது. பொக்லைன் ஓட்டியவர், கோயிலைத் திறந்து மூடி மணியடிக்கிற கோயில்பிள்ளையைக் காட்டினார். கோயில்பிள்ளை, விடியலில் கதவைத் திறந்தபோது கல் வாசலில் கிடந்தது என்றார். அதற்கு முந்தைய சங்கதி எவருக்கும் தெரியவில்லை.

ஊர் பொறுக்கவில்லை. கல்லை வைத்துப் பூட்டச் சொல்லியிருந்த கண்ணாடிப் பெட்டி வருவதற்குள், அன்று சாயங்காலமே கல்லைப் பட்டுத்துணியில் வைத்து முத்தி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். புனிதப் பொருள் எதுவானாலும் வரிசையில் வந்து முத்தமிடுவது அங்கே வழக்கம். ஞாயிறு விடிந்தபோது முத்தமிட்ட உதடுகளெல்லாம் வெந்து கொப்பளித்திருந்தன. ஆளுக்கோர் அதிரசத்தை வாயில் ஒட்டிக்கொண்டு ஊரே நின்றது போலிருந்தது. சிரிக்க முடியவில்லை. சந்தேகப்பட்ட ஒருவரால் எல்லோருக்கும் வந்த தண்டனை என்று அதற்குள் தீர்ப்பாகியிருந்தது.

அவருடைய சின்னம்மா மகள் ஆரோக்கியமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். "குழி எங்க, குழி எங்கன்னு கேட்டீங்கள்லண்ணே. இப்பப் பாருங்க."

சார் அந்த உதட்டைக் குனிந்து பார்த்தார். "ஆத்தா, முந்திரி ஒடச்சியா?"

"சீசன் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு. இப்ப எங்கிட்டு…" என்ற ஆரோக்கியமேரி, பாதியில் நிறுத்திக் கல்லைத் திரும்பிப் பார்த்தார்.

பச்சை முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் எப்படி வேகும் என்பது அந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரியும். கரையான் அரிக்காமலிருக்கக் கதவில் பூசுகிற அந்த எண்ணெயை, புதுக்கல் பழசாகத் தெரிவதற்காக யாரோ பூசியிருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டி வரும்வரை ஊர் காத்திருக்கும் என்று நம்பியதுதான் அந்த ஆள் செய்த பிழை.

பூசை முடிந்தது. சார் மைக்கைப் பிடித்தார். "இந்தக் கல்லு பழசு இல்ல. மேல பூசியிருக்கிறது முந்திரி எண்ணெ. தோமையார் இந்தப் பக்கம் வந்திருக்கலாம், வராமயும் இருந்திருக்கலாம். அவருக்காக நாம பொய்ச்சாட்சி சொல்ல வேணாம்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "யாரு பூசுனது? பேரச் சொல்லுங்க. சொல்ல முடியலேன்னா நீங்க சொல்றதுதான் பொய்யி." பத்திருபது பேர் பலிபீடத்தை நோக்கி நகர்ந்தார்கள். ஃபாதர் கையை உயர்த்தியும் நிற்கவில்லை.

எல்லோரும் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரின் பார்வை மட்டும் முன்வரிசையில் ஒருவர்மேல் நின்றது. நானும் பார்த்தேன், எனக்கும் தெரிந்தவர்தான். அவருடைய உதட்டில் ஒன்றுமில்லை. உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தன. அவற்றை அக்குளுக்குள் செருகிக்கொண்டு, சாரின் வாயையே பார்த்தபடி நின்றார். அந்தப் பெயர் வெளியே வந்திருந்தால் சார் தப்பித்திருப்பார். அந்த மனிதர் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். இதில் என் மிகை ஒரு துளியும் இல்லை.

"கல்லப் பத்திக் கேட்டீங்க, சொல்லிட்டேன். ஆளப் பத்தி எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல," என்று சார் மைக்கை வைத்துவிட்டார். வசவுகளுக்கு நடுவே ஃபாதர்தான் எங்களைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்.

திரும்பும் பஸ்ஸில், சொல்லியிருக்கலாமே என்று நான் சண்டை பிடித்தேன். "கல்லு பொய்யின்னு காட்ட எண்ணெ போதும் மாமா. அந்தாள அடிச்சுப் போட்டா கல்லு இன்னும் கொஞ்சம் பொய்யாயிருமா?" என்றார். அதன் பிறகு சொந்த ஊர்த் திருவிழாவுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. பொறாமையில் பேசினார் என்று பாதி ஊர் இன்றும் சொல்கிறது. அவர் ஒருநாளும் மறுக்கவில்லை.

சாரின் அடக்கத்துக்கு, அன்று உள்ளங்கையை மறைத்து நின்ற அந்த மனிதர் வந்திருந்தார். எல்லோரும் மண் போட்டு முடித்த பிறகு கடைசியாகப் போட்டார். என்னருகே வந்து, "சார் ஒங்ககிட்ட ஏதும் சொன்னாரா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை, சார் கடைசிவரை என்னிடம்கூட அந்தப் பெயரை உச்சரித்ததில்லை.

கொசுவுக்கு அம்பாரி கட்டி ஊர்வலம் விடுகிற வாய் இது. ஞானப்பிரகாசம் சாருடைய சொத்தாக இந்த வாய்க்குள் இப்போது ஒரு பெயர் இருக்கிறது. அது அங்கேயே இருக்கும்.