கட்டைவிரல் மடங்காத கைக்கு ஒரு கத்தி

சூலூரில் என் பட்டறை வாசலில் 'கையால் செய்த கத்திகள்' என்று எழுதி வைத்த நாளிலிருந்தே எனக்குள் ஓர் உறுத்தல். தகட்டைக் கத்தி வடிவில் வெட்டித் தருவது கோவையில் இருக்கும் லேசர் மெஷின். அதைப் பழுக்கக் காய்ச்சி உறுதியாக்குவது வேறொருவருடைய உலை. தீட்டுவதும் மரப்பிடி போடுவதும்தான் என் வேலை. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று மனதுக்குள் ஒரு பதிலைத் திருத்திக்கொண்டே இருப்பேன்.

போன வருஷம் காரமடையில் மெஸ் நடத்தும் ஓர் அம்மா வந்தார். கிரைண்டரில் சிக்கியதிலிருந்து அவருக்கு வலது கைக் கட்டைவிரல் மடங்காது. மேஜையில் இருந்த கத்திகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, கையில செஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க. செரி, யாரு கைக்குங்க செஞ்சது?"

என்னிடம் இருந்த பதில் இந்தக் கேள்விக்கானது அல்ல.

"உங்க கைக்கு ஒண்ணு செஞ்சு தாரேனுங்க" என்று வாய் முந்திக்கொண்டது.

முதலில் கொண்டுபோன கத்தி, பூசணிக்காயில் இறங்கும்போதே அவர் கையில் சுழன்றது. "வழுக்குதுங்க" என்றார். திருப்பி எடுத்து வந்தேன். அதன்பின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டைவிரலை விறைப்பாக வைத்துக்கொண்டு டீ டம்ளரைப் பிடித்தேன், அரத்தைப் பிடித்தேன். என் கை வேறு, அவர் கை வேறு என்பது மட்டும்தான் புரிந்தது.

மறுபடி காரமடைக்குப் போனேன். பிடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சப்பாத்தி மாவை அப்பி, வெட்டுகிற மாதிரி பிடிக்கச் சொன்னேன். உள்ளங்கைப் பக்கம் மாவு புடைத்தது. கட்டைவிரல் நீட்டிப் படுக்க மேலே ஒரு பள்ளம் விழுந்தது. அந்தக் கோணல் வடிவத்தையே மரத்தில் அராவினேன்.

புதுப்பிடியில் அவர் ஒரு கூடை வெங்காயத்தை நிறுத்தாமல் நறுக்கினார். அருகில் நின்ற மருமகள் ஆசையாக வாங்கிப் பார்த்தார்.

"அய்யோ அத்தை, இதை எப்படிப் புடிக்கறதுன்னே தெரியலீங்க!"

"நல்லதாப் போச்சு அம்மணி. இனி என்ற கத்திய ஆரும் தூக்கீட்டுப் போக மாட்டீங்க" என்று அந்த அம்மா சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் கண், மருமகளின் கையில் போய் நின்றுவிட்டது. சின்ன உள்ளங்கை, நீளமான விரல்கள்.

"நீங்க எந்தக் கையில வெட்டுவீங்க?" என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.