கினிகத்தேனையில் கோளாறு இல்லை

வெள்ளைக்காரத் துரை கப்பலேறப் புறப்பட்டது 1957 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. தன் பழைய அமெரிக்கக் காரைத் தோட்டத்து நோயாளிகளுக்கென்று விட்டு, சாவியை டிரைவர் முத்துலிங்கத்தின் கையில் கொடுத்தார். அதுவரை அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து நோயாளிகள் கொழுந்து ஏற்றும் லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தக் காருக்குக் கிளச்சு கிடையாது. வேகத்தையும் மிதியை அழுத்தும் அளவையும் பார்த்துத் தானே கியரை மாற்றிக்கொள்ளும்.

1962 தை மாதம் அது பிந்தி மாற்றத் தொடங்கியது. கோயில் பாலத்தருகே இரண்டாம் கியருக்குப் போகவேண்டிய வண்டி, மேலே தேயிலை ஸ்டோர் வாசல்வரை முதல் கியரிலேயே அலறிக்கொண்டு ஏறியது. ஒரு விடியலில் பிரசவ வலியோடு உள்ளே கிடந்த பேச்சியம்மா, இறங்கி நடக்கிறேன் என்று அழுதாள். புதுத்துரை ஞாயிற்றுக்கிழமைவரை தவணை கொடுத்தார். சரியாகாவிட்டால் கார் இரும்புக் கடைக்குப் போகும், பிறகு லொறிதான்.

போன தீபாவளி முடிந்த கையோடு, கியர்பெட்டியில் எண்ணெய் ஒழுகியதை அடைத்து நிரப்பியவர், மலைக்குக் கீழே கினிகத்தேனையில் வண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த மாயாண்டி பாஸ். முத்துலிங்கம் இரண்டு முறை வண்டியை அவரிடம் கொண்டுபோனார். இரண்டு முறையும் அங்கே போய்ச் சேருவதற்குள் கியர் ஒழுங்காக மாறியது.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல முத்துலிங்கம். ஒங்க காலுதான் கனம். ரொட்டிய கொறச்சித் தின்னுட்டு ஏறுங்க" என்றார் பாஸ். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதையே துண்டுக் கடிதத்தில் எழுதித் துரைக்கும் அனுப்பினார்.

முத்துலிங்கம் தானே வண்டியைச் சோதித்தார். மிதியிலிருந்து கியர்பெட்டிக்குப் போகும் கம்பியைக் கழற்றிப் பார்த்தார், தடையில்லாமல் அசைந்தது. எண்ணெய் அளவும் குறையவில்லை. காலையில் கியர் எந்த இடத்தில் மாறியது, நடுப்பகலில் எங்கே மாறியது என்று வழியோரக் கற்களில் சுண்ணாம்பால் குறித்தார். வெயில் ஏற ஏறக் குறிகள் பாலத்தை நோக்கி இறங்கி வந்தன.

வெள்ளிக்கிழமை விடியலில் அவர் மனைவி காளியாயி, உறைந்துபோன தலையெண்ணெய்ப் போத்தலை அடுப்பருகே பிடித்து உருக்கிக்கொண்டிருந்தாள். முத்துலிங்கம் அதையே பார்த்தபடி நின்றார். பிறகு கார்க் கொட்டகைக்கு ஓடி, கியர்பெட்டியின் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினார். சிவப்பு எண்ணெயில் ரவைபோல வெள்ளைக் குருணை ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தார். உருகித் தேங்காயெண்ணெய் மணத்தது.

வெளிநாட்டுச் சாமான்களுக்குத் தடை வந்தபின் கியர்பெட்டிக்கு ஊற்றும் சிவப்பெண்ணெய் கிடைப்பது அரிது. பாஸ் குறைந்ததைத் தேங்காயெண்ணெயால் நிரப்பியிருக்கிறார். கினிகத்தேனைச் சூட்டில் அது உறைவதே இல்லை. இங்கே தைப் பனியில் உறைந்து, கியர்பெட்டிக்குள் நுண்ணிய துளைகளை அடைக்கிறது.

காளியாயி பயந்துபோனாள். "இந்தாங்க, வாயத் தொறக்காதீங்க. நம்ம லயத்து வீட்டுல இல்லாத தேங்காண்ணெயா? நாமதான் ஊத்துனோம்னு சொல்லுவாங்க."

"சொல்லலைன்னா வண்டி போயிருமே."

"வண்டி போனா ஒங்களுக்கு வேற வேல கெடைக்கும். இது பழியால்ல வரும்."

அன்று முழுவதும் முத்துலிங்கம் சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலை துரையைக் கொட்டகைக்கு அழைத்தார். முதலில் குளிர்ந்த வண்டியை ஓட்டிக் காட்டினார். ஸ்டோர் வாசலில்தான் கியர் மாறியது. உடனே திருப்பி வந்து, கொதிநீரில் நனைத்த சாக்குகளைக் கியர்பெட்டியைச் சுற்றி அரைமணி நேரம் மாற்றி மாற்றிக் கட்டினார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். இரண்டாம் தடவை, மிதியை அதே அளவில் பிடித்து ஏறினார். பாலத்தருகே கியர் மெத்தென்று மாறியது. எண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்திருப்பதை அப்போதுதான் துரையிடம் சொன்னார்.

கார் விற்கப்படவில்லை. துரை பக்கத்துத் தோட்டத்திலிருந்து சிவப்பெண்ணெய் வரவழைத்தார். கினிகத்தேனைக்கு ஆளனுப்பியும் கேட்டார். தேங்காயெண்ணெயைத் தான் தொட்டதே இல்லை என்று பாஸ் சொல்லியனுப்பினார்.

"தேங்காயெண்ணெ யார் வீட்ல இருக்கு, முத்துலிங்கம்?" என்று துரை கேட்டார்.

முத்துலிங்கம் சாவியைத் துரையின் மேசைமேல் வைத்தார்.

திங்கட்கிழமை அவருக்குப் புல்வெட்டு வேலை. வேறு டிரைவர் வந்தார். மலைச்சரிவில் குனிந்திருக்கையில் கீழே கார் ஏறும் சத்தம் கேட்டால் முத்துலிங்கத்தின் கை நின்றுவிடும். பாலத்தில் கியர் மாறியபின்தான் கத்தி அசையும். கூட்டாளிகள், "டிரைவர் மாத்திட்டாரு, நாமளும் வெட்டுவோம்" என்று கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார்.

நான் ஊர் ஊராய்ச் சுற்றிவிட்டு 1965இல் தோட்டத்துக்குத் திரும்பியபோது முத்துலிங்கம் ஓர் அஞ்சலட்டையோடு வந்து, வாசிக்கச் சொன்னார். இந்தியாவுக்குத் திரும்பியவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமிலிருந்து வந்திருந்தது. அதற்குள் அந்தத் துரையும் வேறு தோட்டத்துக்கு மாறிப் போயிருந்தார்.

"முத்துலிங்கத்துக்கு மாயாண்டி எழுதிக்கொள்வது. நான் இந்தியா வந்துவிட்டேன். அரைப் போத்தல் ஊற்றியது நான்தான். கடையை மூடிவிடுவார்கள் என்று பயந்து இல்லையென்றேன். இதைத் துரையிடம் காட்டுங்கள். வண்டி இப்போது ஒழுங்காக மாற்றுகிறதா?"